வலையமைப்பும் சேமிப்பகமும்: புதியவர்கள் குழப்பிக்கொள்ளும் சொற்களுக்கு ஒரு வழிகாட்டி

கணினி வாங்கும்போதும், இணைய இணைப்பு எடுக்கும்போதும், அந்த இணைப்பு நின்றுபோய் வாடிக்கையாளர் சேவை மையத்தை அழைக்கும்போதும் எம்பிபிஎஸ், ஐபி, டிஎன்எஸ், எஸ்எஸ்டி, என்விஎம்இ, நாஸ் என்று சொற்கள் வரிசையாக வந்து விழுகின்றன. இவற்றைத் தனித்தனியே பொருள் பார்த்து மனப்பாடம் செய்வதால் பெரிய பயன் இல்லை. ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாமல் போவதைவிட, வெவ்வேறான இரண்டை ஒன்றென்று எடுத்துக்கொள்வதால்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன. வைஃபை சரியாக இருந்தும் இணையம் இல்லாமல் போகலாம்; எம்.2 என்று அட்டையில் இருந்தும் என்விஎம்இ வேகம் கிடைக்காமல் போகலாம். ரெய்டு வைத்திருந்தும் கோப்புகள் அழிந்துபோகலாம். ஆகவே இந்த வழிகாட்டி அகரவரிசையில் செல்லாமல், உங்கள் கணினியில் நீங்களே திறந்து பார்த்துக்கொண்டு வரக்கூடிய வரிசையில் செல்கிறது.

முதல் படி: அலகுகளைச் சரிசெய்துகொள்ளுங்கள்

வலையமைப்பின் வேகம் பிட் கணக்கில் சொல்லப்படுகிறது. கோப்பின் அளவோ பைட் கணக்கில் சொல்லப்படுகிறது. 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். 100 எம்பிபிஎஸ் இணைப்பு என்றால் நொடிக்கு 100 மெகாபிட். அதை 8ஆல் வகுத்தால் நொடிக்கு 12.5 மெகாபைட். எனவே 50 ஜிபி அளவுள்ள ஒரு விளையாட்டைப் பதிவிறக்க, எல்லாம் ஒழுங்காக நடந்தாலும், 4,000 நொடிகள், அதாவது ஒரு மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதலாகவே ஆகும். பதிவிறக்கச் சாளரத்தில் 11 அல்லது 12 மெகாபைட் என்று ஓடுவதைப் பார்த்து, பணம் கட்டிய வேகத்தில் எட்டில் ஒரு பங்குதான் கிடைக்கிறது என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்மையில் முழு வேகத்தையும் பெற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சேமிப்பகத்தில் இருக்கும் குழப்பம் வேறு வகையானது. தயாரிப்பாளர்கள் 1 டெராபைட் என்பதை ஒன்றுக்குப் பின் பன்னிரண்டு பூஜ்ஜியங்கள் கொண்ட எண்ணாகக் கணக்கிடுகிறார்கள். விண்டோஸோ ஒவ்வொரு படிக்கும் 1,000 என்று வைக்காமல் 1,024 என்று வைத்து வகுக்கிறது. அதனால்தான் புதிய 1 டிபி டிஸ்க் 931 ஜிபி என்றும், 500 ஜிபி டிஸ்க் 465 ஜிபி என்றும் காட்டப்படுகின்றன. டிஸ்கில் எதுவும் குறையவில்லை. பைட்டுகளின் எண்ணிக்கை ஒன்றுதான், வகுக்கும் எண்தான் வேறு. இந்தச் சிக்கலைத் தீர்க்க 1998இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1,024 அடிப்படையிலான அளவுகளுக்குக் கிபிபைட் (KiB), மெபிபைட் (MiB), கிபிபைட் (GiB) என்ற தொடரில் தனிப் பெயர்களைக் கொண்டுவந்தது. லினக்ஸ் கருவிகள் பலவற்றில் அந்தப் பெயர்களைக் காணலாம்; விண்டோஸ் இன்றுவரை பழைய பெயரையே எழுதுகிறது. மேக் கணினிகள் 2009இல் வந்த ஸ்நோ லெப்பர்ட் பதிப்பு முதல் ஆயிரத்தால் வகுக்கின்றன, ஆகவே அவற்றில் அதே டிஸ்க் 1 டிபி என்றே தெரியும்.

இரண்டாம் படி: உங்கள் கணினியின் முகவரிகளைப் படியுங்கள்

விண்டோஸில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, ஐபிகான்ஃபிக் (ipconfig) என்ற கட்டளையை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் இடைவெளியின்றித் தட்டச்சு செய்து என்டர் அழுத்துங்கள். மேக்கிலும் கைபேசியிலும் இதே விவரங்கள் வைஃபை அமைப்புகளுக்குள், இணைந்திருக்கும் வலையமைப்பின் பெயரைத் தொட்டால் கிடைக்கும். அங்கே வரும் வரிகளில் நான்கு முக்கியமானவை.

முதலாவது ஐபிவி4 முகவரி. 192.168.1.23 என்பது போல, புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நான்கு எண்கள் இருக்கும். ஒவ்வொரு எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். 192.168 என்று தொடங்கினாலும், 10 என்று தொடங்கினாலும், 172.16 முதல் 172.31 வரை ஏதேனும் ஒன்றாகத் தொடங்கினாலும் அது உள் முகவரி, அதாவது உங்கள் வலையமைப்புக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரி. உலகில் கோடிக்கணக்கான கணினிகள் இதே எண்ணை வைத்திருக்கின்றன. அதனால் எவருக்கும் இடையூறு இல்லை. எண் 169.254 என்று தொடங்கினால் மட்டும் கவனியுங்கள். ரவுட்டரிடம் முகவரி கேட்டுப் பதில் கிடைக்காத கணினி தானாகவே ஒன்றைச் சூட்டிக்கொண்டிருக்கிறது என்பது அதன் பொருள். அந்த நிலையில் இணைய நிறுவனத்தை அழைப்பதில் பயனில்லை; கோளாறு உங்கள் கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையில்தான் இருக்கிறது.

அப்படி முகவரி கேட்டுப் பெறும் முறைக்கு டிஹெச்சிபி என்று பெயர். ரவுட்டர் தன்னிடமுள்ள எண்களில் ஒன்றை ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் கொடுக்கிறது. காலம் முடியும் முன் கணினி அதைப் புதுப்பித்துக்கொள்கிறது. நேற்றுவரை அச்சிட்ட பிரிண்டர் இன்று திடீரென்று காணாமற்போவதற்கு இதுவே பல இடங்களில் காரணம்: சில நாள் அணைந்து கிடந்த பிரிண்டர் மீண்டும் இயங்கும்போது வேறு எண்ணைப் பெற்றுவிடுகிறது, கணினியோ பழைய எண்ணையே தேடிக்கொண்டிருக்கிறது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் அந்தப் பிரிண்டருக்கென ஓர் எண்ணை ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை நிற்கும்.

அந்த ஒதுக்கீட்டுக்கு ரவுட்டர் மேக் முகவரியைக் கேட்கும். இது ஆப்பிள் நிறுவனத்தின் மேக் கணினியோடு தொடர்பில்லாத சொல். ஒவ்வொரு நெட்வொர்க் கருவிக்கும் தயாரிப்பிலேயே இடப்படும் 48 பிட் அடையாளம் இது. 0 முதல் 9 வரையான எண்களும் ஏ முதல் எஃப் வரையான எழுத்துகளும் கலந்த 12 குறிகளாக எழுதப்படும். ஐபி முகவரி இடத்துக்கு இடம் மாறும், மேக் முகவரி கருவியோடு இருக்கும் என்பது பழைய விளக்கம். இப்போதைய கைபேசிகள் தனியுரிமைக்காக ஒவ்வொரு வைஃபைக்கும் வெவ்வேறு மேக் முகவரியைப் புனைந்து காட்டுவதால், அந்த விளக்கத்தை இனி அப்படியே நம்ப முடியாது. ரவுட்டரின் பட்டியலில் ஒரே கைபேசி இருமுறை தெரிந்தால் உடனே திருட்டு இணைப்பு என்று பதறவேண்டாம்.

இரண்டாவது வரி சப்நெட் மாஸ்க். பெரும்பாலும் 255.255.255.0 என்றிருக்கும். முகவரியின் முதல் மூன்று எண்கள் ஒத்திருக்கும் கருவிகள் அனைத்தும் நம் வலையமைப்பைச் சேர்ந்தவை, நேரடியாகப் பேசலாம் என்று இது கணினிக்குச் சொல்கிறது. ஒத்திராத எதுவும் வெளியில் இருப்பதாகக் கொண்டு, மூன்றாவது வரியில் இருக்கும் டீஃபால்ட் கேட்வேயிடம் கணினி ஒப்படைத்துவிடும். வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் அந்த கேட்வே உங்கள் ரவுட்டரேதான். அந்த எண்ணை உலாவியின் முகவரிப் பட்டையில் இட்டால் ரவுட்டரின் அமைப்புப் பக்கம் திறக்கும். நான்காவதாகிய டிஎன்எஸ் பற்றிச் சற்றுப் பின்னால் பார்ப்போம். வெறும் ஐபிகான்ஃபிக் கட்டளை அதைக் காட்டாது, வைஃபை அமைப்புகளின் விவரப் பக்கத்தில் பார்க்கலாம்.

மூன்றாம் படி: ஒரே பெட்டிக்குள் இருக்கும் நான்கு கருவிகள்

இணைய நிறுவனம் பொருத்திவிட்டுப் போகும் பெட்டியைச் சிலர் மோடம் என்கிறார்கள், சிலர் ரவுட்டர் என்கிறார்கள், வைஃபை என்றே சொல்கிறவர்களும் உண்டு. மூன்றும் சரிதான், மூன்றும் முழுமையல்ல. வெளியிலிருந்து வரும் தொலைபேசிக் கம்பி, கேபிள் அல்லது ஒளியிழையின் சமிக்ஞையைக் கணினிக்குப் புரியும் வடிவில் மாற்றுவது மோடம். ஒளியிழையில் இதே வேலையைச் செய்யும் கருவிக்கு ஓஎன்டி என்று பெயர். உங்கள் வலையமைப்பையும் வெளி வலையமைப்பையும் பிரித்து, இரண்டுக்கும் இடையில் தரவுப் பொட்டலங்களை, அதாவது தரவு பயணிக்கும் சிறு துண்டுகளை, வழிநடத்துவது ரவுட்டர். பெட்டியின் பின்புறம் வரிசையாக இருக்கும் கேபிள் துளைகள் ஸ்விட்ச்; உள்ளே இருக்கும் கருவிகளை ஒன்றோடொன்று இணைப்பது மட்டுமே அதன் வேலை. ரேடியோ அலையைப் பரப்பி, கம்பியில்லாமல் இணைய விடுவது ஆக்சஸ் பாயின்ட்.

இந்தப் பிரிவினை தேவையில்லாத நுணுக்கம் போலத் தோன்றலாம். ஆனால் பழுது வரும்போது இதுதான் கைகொடுக்கும். கைபேசியில் வைஃபைக் குறி முழுதாக நிறைந்திருப்பது ஆக்சஸ் பாயின்ட் நன்றாக இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. அதற்குப் பின்னால் ஒளியிழை அறுந்திருந்தாலும் குறி முழுதாகவே இருக்கும்.

வைஃபையைப் பற்றி இரண்டு செய்திகள் போதும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களைத் தாண்டித் தூரம் செல்லும், ஆனால் மெதுவானது. ப்ளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில் இரைச்சல் உண்டாக்குகின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவருக்கு அஞ்சும். அடுத்து, ரவுட்டர் அட்டையில் 1200 என்று பெரிதாக அச்சிட்டிருந்தால், இரண்டு அலைவரிசைகளின் உச்ச வேகத்தையும் கூட்டி எழுதிய தொகை அது. ஒரே கருவி இரண்டையும் கூட்டிப் பெறுவது பொதுவாக நடப்பதில்லை. அந்த எண்ணைப் பார்த்து ரவுட்டர் வாங்காமல் இருப்பதே நல்லது. பாதுகாப்பு முறையில் டபிள்யூபிஏ3 இருந்தால் அதையும், பழைய கருவிகள் ஒத்துக்கொள்ளாவிட்டால் டபிள்யூபிஏ2 முறையையும் தேர்ந்தெடுங்கள். டபிள்யூஇபி என்பது எளிதில் உடைக்கப்படும் பழைய முறை. அதைத் தொடவே வேண்டாம்.

நான்காம் படி: வெளியே செல்லும் பாதை

ஐபிவி4 முகவரி 32 பிட் நீளம் கொண்டது. அதில் கிடைக்கும் எண்கள் ஏறத்தாழ 430 கோடி மட்டுமே. உலக அளவில் முகவரிகளைப் பகிர்ந்தளிக்கும் ஐஏஎன்ஏ அமைப்பு தன் கையிருப்பின் கடைசித் தொகுதிகளை 2011 பிப்ரவரியில் கொடுத்து முடித்தது. ஆனாலும் இணையம் நின்றுபோகவில்லை. காரணம் நாட் என்னும் உத்தி. உங்கள் ரவுட்டர் வெளி உலகுக்கு ஒரே ஒரு பொது முகவரியைக் காட்டிக்கொண்டு, உள்ளேயிருந்து எந்தக் கணினி எதைக் கேட்டது என்று ஓர் அட்டவணை வைத்துக்கொண்டு, வரும் பதிலை உரியவரிடம் சேர்க்கிறது. முகவரிப் பற்றாக்குறை முற்றியதால் இணைய நிறுவனங்கள் பல இதே உத்தியை இன்னொரு மடங்கு அடுக்கி, நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன, அது சிஜிநாட்.

இதை நீங்களே சோதிக்கலாம். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வான் (WAN) என்ற தலைப்பின்கீழ் இருக்கும் முகவரியையும், உங்கள் ஐபி எதுவென்று காட்டும் ஏதேனும் ஓர் இணையதளம் சொல்லும் முகவரியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால், குறிப்பாக ரவுட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127 வரை ஏதேனும் ஒன்றாகத் தொடங்கினால், நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். வெளியிலிருந்து நேரடியாக உங்கள் கண்காணிப்புக் கேமராவையோ சொந்த சர்வரையோ அடைய முடியாமல் போவதற்கு இதுவே காரணமாக இருக்கும். வெளியிலிருந்து வருவதைக் குறிப்பிட்ட கருவிக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங்கை ரவுட்டரில் எத்தனை முறை அமைத்தாலும் பலன் கிடைக்காது. இதற்கு நிலையான தீர்வு 128 பிட் நீளமுள்ள ஐபிவி6 முகவரிகளே. உங்கள் கணினியின் பட்டியலில் எஃப்இ80 (fe80) என்று தொடங்கும் நீண்ட முகவரி ஒன்றைக் காணலாம். அது உள் வலையமைப்புக்கு மட்டுமானது. 2 என்று தொடங்கும் நீண்ட முகவரி ஒன்றும் கூடவே இருந்தால்தான் உங்களுக்கு ஐபிவி6 இணைப்பு உண்மையில் கிடைத்திருக்கிறது என்று பொருள்.

போர்ட் என்பது ஐபி முகவரியோடு சேர்த்துக் குறிக்கப்படும் எண். ஒரே கணினி இணையப் பக்கமும் அனுப்பலாம், மின்னஞ்சலும் பெறலாம். எந்தப் பொட்டலம் எந்த நிரலுக்கு உரியது என்பதை 0 முதல் 65,535 வரையான போர்ட் எண் காட்டுகிறது. பாதுகாப்பான இணையப் பக்கங்களுக்கு 443, பாதுகாப்பற்றவற்றுக்கு 80, டிஎன்எஸ்ஸுக்கு 53. அனுப்பும் முறையில் டிசிபி ஒவ்வொரு பொட்டலமும் சேர்ந்ததா என்று உறுதிசெய்து, சேராததை மீண்டும் அனுப்பும். யுடிபி அனுப்பிவிட்டு அடுத்ததைப் பார்க்கும். காணொளி அழைப்புகள் பெரும்பாலும் யுடிபி முறையையே நாடுகின்றன, ஏனெனில் இரண்டு நொடி தாமதமாக வந்துசேரும் சொல்லைவிட விடுபட்டுப்போன சொல் உரையாடலைக் குறைவாகவே கெடுக்கும்.

டிஎன்எஸ் 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த பெயர்த் தேடல் முறை. நாம் இணையதளத்தின் பெயரைத் தட்டச்சு செய்கிறோம். கணினிக்குத் தேவை எண். பெயரைக் கொடுத்து எண்ணைக் கேட்டு வாங்கித் தருவது டிஎன்எஸ் சர்வர். இணைய நிறுவனமே ஒன்றைத் தரும். அது அடிக்கடி மக்கர் செய்தால் கூகுளின் 8.8.8.8 அல்லது கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 என்ற பொது சர்வர்களை ரவுட்டரில் இட்டுக்கொள்ளலாம். டிஎன்எஸ்ஸை மாற்றினால் பதிவிறக்க வேகம் இரு மடங்காகும் என்று சொல்லப்படுவதை நம்பவேண்டாம். பெயர் தேடும் நேரம் மட்டும் சற்றுக் குறையலாம். எண் கிடைத்த பிறகு கோப்பு வரும் பாதைக்கும் டிஎன்எஸ்ஸுக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை.

ஐந்தாம் படி: பழுது எங்கே என்று கண்டுபிடியுங்கள்

இதுவரை பார்த்த சொற்கள் எல்லாம் பயன்படும் இடம் இதுதான். கமாண்ட் பிராம்ப்ட்டில் பிங் (ping) என்ற கட்டளையை இட்டு, இடைவெளி விட்டு, உங்கள் கேட்வேயின் எண்ணை இடுங்கள். பதில் வந்தால் கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையிலான பாதை நலம். அடுத்து 8.8.8.8 என்ற எண்ணுக்கு பிங் அனுப்புங்கள். பதில் வந்தால் வெளியுலக இணைப்பும் நலம். மூன்றாவதாக, எண்ணை விட்டுவிட்டு ஏதேனும் ஓர் இணையதளத்தின் பெயருக்கு அனுப்புங்கள். எண்ணுக்குப் பதில் வந்து, பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று மட்டும் வந்தால் பழுது டிஎன்எஸ்ஸில். முதலாவதே தோற்றால் வைஃபையையோ கேபிளையோ பாருங்கள். முதலாவது வென்று இரண்டாவது தோற்றால் மட்டுமே இணைய நிறுவனத்தை அழைக்கவேண்டும். அப்போதும் 'நெட் வரவில்லை' என்று சொல்வதைவிட 'கேட்வே வரை பிங் போகிறது, அதற்கு வெளியே போகவில்லை' என்று சொல்லிப் பாருங்கள், கணினியை அணைத்துப் போடுங்கள் என்ற முதல் பத்து நிமிடம் பெரும்பாலும் மிச்சமாகும். ஒரு விதிவிலக்கு: சில சர்வர்கள் பிங்குக்கு வேண்டுமென்றே பதில் தருவதில்லை. எனவே பதில் வராத ஒரே ஓர் இணையதளத்தை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

பிங் காட்டும் மில்லிநொடிக் கணக்குதான் லேட்டன்சி, அதாவது பொட்டலம் போய்த் திரும்ப எடுக்கும் நேரம். இது பேண்ட்வித்திலிருந்து, அதாவது எம்பிபிஎஸ் கணக்கில் சொல்லப்படும் வேகத்திலிருந்து, முற்றிலும் வேறு. புவிநிலைச் செயற்கைக்கோள் பூமியிலிருந்து ஏறத்தாழ 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் வழியாகக் கேள்வி போய்ப் பதில் வர, ஒளியின் வேகத்தில் சென்றாலும், அரை நொடி அளவுக்கு ஆகிவிடும். அந்த இணைப்பின் வேகத்தை 100 எம்பிபிஎஸ் ஆக்கினாலும் 500 எம்பிபிஎஸ் ஆக்கினாலும் அரை நொடி குறையாது. பெரிய கோப்பை இறக்குபவருக்கு இது ஒரு பொருட்டல்ல. இணைய விளையாட்டு ஆடுபவருக்கு இதுதான் எல்லாம். விளையாட்டு திக்குகிறது என்று கூடுதல் வேகத் திட்டத்துக்கு மாறுகிறவர்கள் பலர் தவறான இடத்தில் செலவழிக்கிறார்கள்.

கேபிளில் வரும் ஒரு பழுதைச் சொல்லவேண்டும், ஏனெனில் இது மிகவும் ஏமாற்றக்கூடியது. ஈதர்நெட் கேபிளுக்குள் நான்கு ஜோடிகளாக முறுக்கிய எட்டுக் கம்பிகள் இருக்கின்றன. 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு இரண்டு ஜோடிகள் போதும்; கிகாபிட் (1,000 எம்பிபிஎஸ்) வேகத்துக்கு நான்கும் வேண்டும். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்குத் தேவைப்படாத ஜோடியில் ஒரே ஒரு கம்பி விட்டுப்போனாலும் இணைப்பு அறுவதில்லை. பல கருவிகள் ஓசையின்றி 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு இறங்கிவிடும். 300 எம்பிபிஎஸ் திட்டம் வைத்திருக்கிறீர்கள், வேகச் சோதனை எத்தனை முறை செய்தாலும் 94 அல்லது 95இல் முட்டி நிற்கிறது என்றால், வேறு எதையும் தொடும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். விண்டோஸின் நெட்வொர்க் அமைப்புகளில் இணைப்பு வேகம் என்ற வரி 1000க்குப் பதிலாக 100 என்று இருந்தால் சந்தேகம் உறுதியாகிவிடும். ரவுட்டரின் துளையே 100 எம்பிபிஎஸ் வகையாக இருந்தாலும் இதே எண்ணில்தான் முட்டும். மலிவான ரவுட்டர்கள் சிலவற்றில் அப்படித்தான் இருக்கிறது.

ஆறாம் படி: சேமிப்பகத்தில் வடிவம் வேறு, வேகம் வேறு

ராம் நினைவகமும் சேமிப்பகமும் இரண்டுமே ஜிபி கணக்கில் சொல்லப்படுவதால் புதியவர்கள் குழம்புகிறார்கள். ராம் என்பது இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்கள் தங்குமிடம். மின்சாரம் நின்றால் அதில் உள்ளது போய்விடும். சேமிப்பகம் மின்சாரம் போனாலும் வைத்திருக்கும். டிஸ்க் நிரம்பிவிட்டதென்று ராமைக் கூட்டுவதால் பயனில்லை.

ஹார்ட் டிஸ்க் என்பது காந்தப் பூச்சுள்ள தட்டுகள் சுழலும் கருவி. நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று என்பது வழக்கமான வேகம். தொடர்ச்சியாகப் படித்தால் நொடிக்கு 150 முதல் 250 மெகாபைட் வரை தரும். ஆனால் சிதறிக்கிடக்கும் சிறு கோப்புகளைத் தேடி முள் இங்குமங்கும் நகரவேண்டியிருப்பதால் அங்கே மிகவும் தளர்ந்துவிடும். மின்னணுச் சில்லுகளில் தரவை வைக்கும் எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லை. பழைய மடிக்கணினியில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் புதிதுபோல் ஓடுவதற்குக் காரணம், சிறு கோப்புகளைத் தேடும் இந்தக் காத்திருப்பு ஒழிந்துபோவதுதான்.

எஸ்எஸ்டி வாங்கும்போது மூன்று சொற்களைத் தனித்தனியாகப் பாருங்கள். எம்.2 என்பது வடிவம் மட்டுமே: சூயிங்கம் பட்டை போன்ற மெல்லிய அட்டை. சாட்டா என்பதும் என்விஎம்இ என்பதும் அந்த அட்டை கணினியோடு பேசும் முறைகள். சாட்டா முறையில் நொடிக்கு ஏறத்தாழ 550 மெகாபைட்டுக்கு மேல் போக வழியில்லை. என்விஎம்இ முறையில், அது பயன்படுத்தும் பிசிஐஇ இணைப்பு மூன்றாம் தலைமுறை என்றாலே, 3,500 மெகாபைட் வரை எட்டலாம். எம்.2 வடிவத்தில் இரண்டு வகையும் விற்கப்படுகின்றன, கணினியின் துளையும் இரண்டில் ஒன்றை மட்டும் ஏற்பதாக இருக்கலாம். அட்டை உள்ளே சரியாகப் பொருந்தியும் கணினி அதைக் கண்டுகொள்ளவில்லை என்றால், முதலில் ஐயப்பட வேண்டியது இதைத்தான். கணினியின் கையேட்டில் அந்தத் துளை எந்த முறைக்கு உரியது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இதே குழப்பம் யுஎஸ்பியிலும் இருக்கிறது. டைப்-சி என்பது பிளக்கின் வடிவம். அதற்குள் ஓடுவது 480 எம்பிபிஎஸ் வேகமுள்ள யுஎஸ்பி 2.0 ஆகவும் இருக்கலாம், பல மடங்கு வேகமான ஒன்றாகவும் இருக்கலாம். கைபேசிக்கு மின்னேற்ற வந்த கேபிளை எக்ஸ்டெர்னல் எஸ்எஸ்டியில் செருகிவிட்டு, எஸ்எஸ்டி மெதுவாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. போதாததற்கு, 5 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 5 கிகாபிட்) வேகமுள்ள யுஎஸ்பி 3.0 பிறகு 3.1 ஜென் 1 என்றும், அதற்கும் பிறகு 3.2 ஜென் 1 என்றும் பெயர் மாற்றப்பட்டது. பொருள் அப்படியே இருக்க, பெயர் மட்டும் வளர்ந்தது. ஆகவே பெயரை விட்டுவிட்டு, ஜிபிபிஎஸ் எவ்வளவு என்று அட்டையில் தேடுங்கள்.

ஏழாம் படி: பார்ட்டிஷனும் ஃபைல் சிஸ்டமும்

ஒரே டிஸ்க்கைப் பல பகுதிகளாகப் பிரிப்பது பார்ட்டிஷன்; ஒவ்வொரு பகுதிக்குள்ளும் கோப்புகளை எப்படி அடுக்கிக் கணக்கு வைப்பது என்ற விதி ஃபைல் சிஸ்டம். விண்டோஸில் சி, டி என்று இரண்டு டிரைவ்கள் தெரிவதால் இரண்டு டிஸ்க் இருப்பதாக நினைக்கக் கூடாது. ஒன்றின் இரு பகுதிகளாகவே பெரும்பாலும் இருக்கும். சியில் இருக்கும் புகைப்படங்களை டியில் நகலெடுத்து வைத்துவிட்டுப் பாதுகாப்பாக இருப்பதாக நம்புவது வீண், டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

பென் டிரைவில் 16 ஜிபி காலியாக இருந்தும் 5 ஜிபி காணொளியை நகலெடுக்க மறுத்து, கோப்பு மிகப் பெரிது என்று செய்தி வருகிறதா? திரையில் அந்த டிரைவின்மீது மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, பிராப்பர்ட்டீஸ் பாருங்கள். ஃபேட்32 என்று இருக்கும். அந்த முறையில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபி அளவைத் தாண்ட முடியாது. உள்ளே இருப்பதை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்தால் தீரும். விண்டோஸும் மேக்கும் அதைப் படிக்கவும் எழுதவும் அறியும். என்டிஎஃப்எஸ் விண்டோஸுக்கு உரியது, மேக் அதைப் படிக்கும், தானாக எழுதாது. சில தொலைக்காட்சிப் பெட்டிகளும் கார் ஸ்டீரியோக்களும் ஃபேட்32 மட்டுமே அறியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எட்டாம் படி: நாஸ், ரெய்டு, காப்புநகல்

நாஸ் என்பது வலையமைப்பில் நேரடியாக இணையும் சேமிப்பகப் பெட்டி. எல்லாக் கணினிகளும் கைபேசிகளும் அதிலிருந்து கோப்புகளை எடுக்கலாம். வலையமைப்புச் சொற்களும் சேமிப்பகச் சொற்களும் சந்திக்கும் இடம் இது, முதல் படியில் செய்த வகுத்தல் இங்கே மீண்டும் தேவைப்படும். கிகாபிட் கேபிளின் உச்சம் நொடிக்கு 125 மெகாபைட். நடைமுறையில் 110 அளவில் கிடைக்கும். ஒரு சாதாரண ஹார்ட் டிஸ்க்கே இதைவிட வேகமாகத் தரும். ஆகவே நாஸுக்குள் 3,500 மெகாபைட் வேக எஸ்எஸ்டியைப் போட்டுவிட்டு, கேபிளை அப்படியே விட்டால், பெரிய கோப்புகளில் வித்தியாசமே தெரியாது. வேகம் வேண்டுமென்றால் டிஸ்க், கேபிள், ஸ்விட்ச், எதிர்முனைக் கணினி என்ற நான்கில் எது மெதுவானது என்று முதலில் எண்களை எழுதிப் பாருங்கள்.

ரெய்டு என்பது பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்க்கும் முறை; 1988இல் பெர்க்லியின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூவர் வெளியிட்ட கட்டுரையில் இந்தப் பெயர் வந்தது. ரெய்டு 0 தரவை டிஸ்குகளுக்கிடையே பங்கிடுகிறது. வேகம் கூடும், ஆனால் ஒன்று போனால் எல்லாமே போகும். ரெய்டு 1 ஒரே தரவை இரண்டு டிஸ்கிலும் எழுதுகிறது. இரண்டு 4 டிபி டிஸ்குகள் இட்டால் கிடைக்கும் இடம் 4 டிபி. ரெய்டு 5 ஒரு டிஸ்க் அளவுக்கான இடத்தை மீட்புக் கணக்குக்கு ஒதுக்குகிறது. நான்கு 4 டிபி டிஸ்குகளில் 12 டிபி கிடைக்கும், ஏதேனும் ஒன்று பழுதானாலும் தரவு பிழைக்கும். ரெய்டு 6 இரண்டு பழுதுகள் வரை தாங்கும்.

ஆனால் ரெய்டு காப்புநகல் அல்ல. டிஸ்க் பழுதானாலும் வேலை நிற்காமல் தொடரவேண்டும் என்பதற்காக வந்தது அது. தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்தால் எல்லா டிஸ்கிலும் அதே நொடியில் அழியும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரலான ரான்சம்வேர் புகுந்து அவற்றைப் பூட்டினால் பூட்டிய கோப்புகளையே ரெய்டு பொறுப்பாகப் பாதுகாத்துத் தரும். கிளவுட் ஒத்திசைவும் அப்படியே: கைபேசியில் அழித்த படம் கிளவுட்டிலும் அழிகிறது, குப்பைத் தொட்டியில் சில காலம் கிடக்கும், அவ்வளவுதான். காப்புநகல் என்பது மூலத்தில் என்ன நடந்தாலும் தொடப்படாமல், வேறிடத்தில், பழைய நிலையோடு இருக்கும் பிரதி. மொத்தம் மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறு கட்டடத்தில் என்பது துறையில் நெடுநாளாகச் சொல்லப்படும் 3-2-1 விதி. நாஸ் ஒரு பிரதி, எழுதி முடித்ததும் பிடுங்கி வைக்கும் எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க் இன்னொன்று என்று தொடங்கலாம். பிடுங்கி வைப்பது முக்கியம். செருகியே கிடக்கும் டிஸ்க்கை ரான்சம்வேரும் எட்டிவிடும். ஆண்டுக்கணக்கில் மின்சாரமின்றி அலமாரியில் கிடக்கப்போகும் பிரதிக்கு எஸ்எஸ்டியைவிட ஹார்ட் டிஸ்க்கே ஏற்றது, ஏனெனில் எஸ்எஸ்டி தரவை மின்னூட்டமாகவே தேக்கி வைக்கிறது, அது மெல்லக் கசியக்கூடியது.

காப்புநகல் எடுத்த பின் ஏதேனும் ஒரு கோப்பை அதிலிருந்து வேறொரு கணினிக்கு மீட்டெடுத்துத் திறந்து பாருங்கள். பிரதியைக் கடவுச்சொல்லால் பூட்டியிருந்தால், அந்தக் கடவுச்சொல்லும் மீட்புச் சாவியும் காப்பு எடுக்கப்பட்ட அதே கணினிக்குள் மட்டும் இருக்கக் கூடாது. காகிதத்தில் எழுதி, டிஸ்க் இருக்கும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள்.